இரண்டு வட்டு இருந்தும் கணினி எழவில்லையா?

கணினி வாங்கப் போகும் நம்மவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் பரவி வருகிறது. "இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டுக் கொடுங்க. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கணும்" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். சின்னக் கணக்கர் அலுவலகம், டியூஷன் சென்டர், திருமணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ, பிள்ளைகளின் படங்களைப் பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம் என்று எல்லோருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது. கடைக்காரரும் ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும்படி அமைத்துக் கொடுத்துவிடுகிறார். இதற்கு 'மிரர்' என்று பெயர். 'ரெய்டு 1' என்றும் சொல்வார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் கணினியை முடுக்கினால், கறுப்புத் திரையில் ஒற்றை வரி நிற்கிறது: 'நோ பூட்டபிள் டிவைஸ்'. இல்லாவிட்டால் நீலத்திரை. 'இரண்டு வட்டு இருந்துமா இப்படி?' என்று வயிறு கலங்கிப் போகிறது.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. மிரர் போட்ட கணினி எழவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் கோப்புகள் வட்டில் பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றை அழிப்பது, பதற்றத்தில் அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் அழுத்தும் பொத்தான்கள்தான்.

மிரர் எதைக் காக்கிறது?

விலை குறைந்த பல வட்டுகளைச் சேர்த்து, நம்பகமான ஒரே சேமிப்பாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனைக்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவர். 1988-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வட்டுகளைச் சேர்க்கும் முறைகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்தார்கள். முதல் எண் மிரருக்கு. அதில் கணக்கு எதுவும் கிடையாது. ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுவது, அவ்வளவுதான். இரண்டு 2 டெராபைட் வட்டு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 2 டெராபைட் இடம்.

மிரர் காப்பது ஒரே ஓர் ஆபத்திலிருந்து: ஒரு வட்டு பழுதாவது. கணினி எழுந்து நிற்பதற்கு வட்டு மட்டும் போதாது. வேறு சில விஷயங்களும் வேண்டும். அவற்றில் சில வட்டிலேயே இல்லை. சில வட்டில் இருந்தாலும் மிரரின் கைக்கு எட்டாத மூலையில் இருக்கின்றன. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கணினி எழும் வரிசை

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள சிறு மென்பொருள். நாம் இன்னும் 'பயாஸ்' என்றே அழைக்கிறோம். இன்றைய கணினிகளில் அது 'யூஇஎஃப்ஐ' என்ற புதிய வகை. வட்டுகளை எந்த முறையில் அணுகுவது, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்ற இரண்டு முடிவும் அதன் நினைவில்தான் இருக்கின்றன.

இரண்டாவதாக, அது வட்டில் ஒரு சிறு பகுதியைத் தேடும். 'இஎஃப்ஐ பகுதி' என்று பெயர். விண்டோஸில் பெரும்பாலும் 100 மெகாபைட் அளவில்தான் இருக்கும். விண்டோஸை எழுப்பும் சிறு நிரல் அங்கே குடியிருக்கிறது. பழைய முறையில் இந்த வேலை வட்டின் முதல் 512 பைட்டில் நடந்தது.

மூன்றாவதாக, அந்த நிரல் ஒரு குறிப்பேட்டைப் படிக்கிறது: 'விண்டோஸ் எந்த வட்டில், எந்தப் பகுதியில் இருக்கிறது?' வட்டுகளை அது அடையாள எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

நான்காவதாக விண்டோஸ் எழுகிறது. எழும்போதே வட்டுடன் பேசத் தெரிந்த டிரைவர் அதன் கையில் இருக்க வேண்டும்.

இந்த நான்கில் எது அறுந்தாலும் கணினி எழாது. நான்கிலும் உங்கள் கல்யாணப் படங்களுக்கோ கணக்குப் புத்தகத்துக்கோ சம்பந்தமில்லை. கதவுக்குச் சாவி தொலைந்தால் வீட்டிலுள்ள நகை தொலைந்ததாக ஆகிவிடாது அல்லவா?

திரை சொல்லும் செய்தியைப் படியுங்கள்

திரையில் வரும் வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் அறுந்தது என்று அந்த வரியே சொல்லிவிடும்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' அல்லது 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று வந்தால், முதல் இரண்டு படிகளில் சிக்கல். பயாஸால் எழுப்பும் நிரலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது வட்டைப் பொருத்திய மறுநாளே இது வந்தால் பெரும்பாலும் காரணம் எளியது: புதிய வெற்று வட்டை பயாஸ் வரிசையில் முதலில் வைத்துவிட்டது. கணினி எழும்போது எஃப்12 (சிலவற்றில் எஃப்11 அல்லது எஃப்8) விசையை அழுத்தி, பட்டியலில் பழைய வட்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுந்துவிட்டால் பயாஸில் வரிசையை மாற்றிச் சேமித்தால் போதும்.

பட்டியலில் ஒரு வட்டே காணவில்லையா? கேபிள் தளர்ந்திருக்கலாம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. மதர்போர்டில் நேரடியாகச் செருகும் 'எம்.2' வகை எஸ்எஸ்டியைப் போட்டதும், சில போர்டுகளில் ஒரு சாட்டா துளை தானாகவே செயலிழந்துவிடும். இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வதால் அப்படி. போர்டின் கையேட்டில் எந்தத் துளை என்று எழுதியிருக்கும். கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் 'செத்துப்போன' வட்டு உயிர் பெற்றுவிடும்.

0எக்ஸ்சி000000ஈ என்ற எண் வந்தால் மூன்றாவது படி. எழுப்பும் நிரல் இருக்கிறது. ஆனால் குறிப்பேட்டில் எழுதியிருக்கும் வட்டு அங்கே இல்லை. பழுதான வட்டைக் கழற்றிய பிறகு இது வருவதுண்டு. விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, 'ரிப்பேர்' பிரிவில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓடவிட்டால் சில நேரம் சரியாகும். ஆகாவிட்டால் 'பிசிடிபூட்' என்ற கட்டளையைக் கொண்டு குறிப்பேட்டைப் புதிதாக எழுத வேண்டும். வேலை தெரிந்தவருக்கு அது பத்து நிமிட வேலை.

நீலத்திரையில் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் நான்காவது படி. விண்டோஸ் எழத் தொடங்கிவிட்டது. ஆனால் வட்டுடன் பேச முடியவில்லை. பயாஸில் சாட்டா முறை மாறியிருந்தால் இது வரும். அங்கே 'ஏஹெச்சிஐ', 'ரெய்டு' என்று இரண்டு தேர்வுகள் உண்டு. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்கான டிரைவரோடுதான் அது எழும். மிரர் போடலாம் என்று நினைத்து பயாஸில் 'ரெய்டு' என்று மாற்றியவுடன் இந்த நீலத்திரை வந்ததா? பழையபடி மாற்றிவிடுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். பிறகு முறையாகச் செய்யலாம்: விண்டோஸை 'சேஃப் மோட்'டில் எழும்படி அமைத்துவிட்டு, மறுதொடக்கத்தின்போது பயாஸில் முறையை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழவிட்டால் அது தேவையான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் வழக்கமான முறைக்குத் திரும்பலாம்.

இதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்றைய பல விண்டோஸ் 11 கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் இப்படி மாற்றம் செய்தால், விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். எண் இல்லாமல் பூட்டிய வட்டைத் திறக்க வழியில்லை. கோப்புகள் கண்முன்னே இருந்தும் இல்லாமல் போகும் நிலை அது.

சில வெள்ளி பேட்டரி செய்த வேலை

கிள்ளானில் கடைவீட்டு மாடியில் திருமண ஸ்டூடியோ நடத்தும் ஒரு பெண்மணி ஒரு திங்கட்கிழமை காலை அழைத்தார். இரவு முழுக்க இடியும் மழையும். மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது. காலையில் கணினியில் நீலத்திரை. மூன்று வருடத் திருமணப் படங்கள், இன்னும் ஆல்பம் கொடுக்காத ஆறு குடும்பங்களின் படங்கள் உட்பட, அந்த இரட்டை வட்டில்தான். கணினியைப் பார்க்க வந்தவர், "வட்டு போச்சு, ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"அண்ணே, பண்ணச் சொல்லவா? மதியம் ஒரு குடும்பம் ஆல்பம் பார்க்க வருது."

"வேண்டாம்மா. கணினியை அணைச்சிட்டு அப்படியே விட்டுடுங்க. நான் வர்றேன். யாரையும் தொட விடாதீங்க."

போய் பயாஸைத் திறந்தேன். மூலையில் தேதி பல வருடம் பின்னால் நின்றது. அதுவே பாதி விடை. மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதன் வேலை. சில வருடங்களில் அது ஓய்ந்துவிடும். கணினி எப்போதும் மின்சாரத்தில் செருகியே இருந்தால் பேட்டரி ஓய்ந்தது யாருக்கும் தெரியாது. மின்சாரம் போன இரவில்தான் தெரியும். அன்று இரவு அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. 'ரெய்டு' என்றிருந்தது 'ஏஹெச்சிஐ' ஆகிவிட்டது. விண்டோஸுக்கு வட்டு புரியவில்லை.

பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, முறையை மீண்டும் 'ரெய்டு' என்று வைத்துச் சேமித்தேன். கணினி எழுந்தது. இரண்டு வட்டுகளும் நலம். மாற்றிய பேட்டரியின் விலை சில வெள்ளிதான். ஃபார்மட் செய்திருந்தால் போயிருக்கக்கூடியது, எந்தக் குடும்பமும் இரண்டாவது முறை எடுக்க முடியாத படங்கள்.

அவருக்கு நல்ல காலம் ஒன்றும் இருந்தது. முறை மாறியபோது விண்டோஸ் எழவே இல்லை. சில கணினிகளில் ஒரு வட்டை மட்டும் வைத்துக்கொண்டு அது எழுந்துவிடும். நாமும் ஒன்றும் அறியாமல் இரண்டு வாரம் வேலை செய்வோம். பிறகு யாரோ பயாஸைச் சரிசெய்து மிரரைச் சேர்க்கும்போது, ஒரு வட்டில் புதிய கோப்புகள், மற்றதில் பழையவை. எதை எதன்மேல் எழுதுவது என்ற கேள்வி அங்கே வரும். தவறான திசையில் எழுதினால் இரண்டு வார வேலை காற்றோடு போகும்.

கைவைப்பதற்கு முன்

இரண்டு வட்டு வைத்திருப்பதன் உண்மையான பலன் பழுதுபார்க்கும் நேரத்தில்தான் தெரியும். ஆனால் அந்தப் பலனைப் பலர் எடுத்துக்கொள்வதே இல்லை. இரண்டையும் செருகி வைத்துக்கொண்டே எல்லாச் சோதனையும் செய்கிறார்கள். கை தவறினால் இரண்டுக்கும் சேர்த்துப் போய்விடும். மிரரின் இயல்பே அதுதான்.

முதலில் பயாஸின் தேதி, சாட்டா முறை, வட்டு வரிசை மூன்றையும் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் கதை முடிந்தது. ஆகாவிட்டால் கணினியை முழுக்க அணைத்து, வட்டுகளில் 'அ', 'ஆ' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எது எந்தத் துளையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஒன்றைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். பழுதுபார்ப்பது எல்லாம் உள்ளே இருப்பதில் மட்டும் நடக்கட்டும். மேசையில் இருப்பது எழுதப்படாது, அழியாது.

எதைக் கழற்றுவது என்று கேட்கலாம். ஒரு வட்டு ஏற்கெனவே மாதக்கணக்கில் மிரரிலிருந்து விலகியிருக்கலாம். அப்படியானால் அதிலுள்ள கோப்புகள் பழையவை. பயாஸின் ரெய்டு பக்கத்தில் ஒரு வட்டு மட்டும் 'ஃபெயில்ட்' அல்லது 'மிஸ்ஸிங்' என்று காட்டினால், மற்றதுதான் புதியது. கழற்றி மேசையில் வைக்க வேண்டியது அந்தப் புதியதை.

பிறகு, இந்த நான்கு பொத்தான்கள் பக்கம் விரலே போகக் கூடாது:

'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று மூடுங்கள். சரி என்றால் வட்டின் பகுதிப் பட்டியலைப் புதிதாக எழுதிவிடும்.

'யூ நீட் டு ஃபார்மட் த டிஸ்க்' என்று கேட்டாலும் அதே பதில்தான். படிக்கத் தெரியாத வட்டைப் பார்த்தால் விண்டோஸ் கேட்கும் வழக்கமான கேள்வி அது.

பயாஸின் ரெய்டு பக்கத்தில் 'க்ரியேட் ரெய்டு வால்யூம்' என்று இருக்கும். மிரர் காணாமல் போய்விட்டதே, புதிதாகச் செய்துவிடலாம் என்று தோன்றும். அது வட்டுகளில் உள்ளதை அழித்துத்தான் புதிதாகச் செய்யும்.

'ரீபில்ட்' என்பதை, எது மூலம் எது பிரதி என்று உறுதியாகத் தெரியாத வரை தொடாதீர்கள்.

கணினி ஒரு வட்டில் எழுந்துவிட்டால், முதல் வேலை முக்கியக் கோப்புகளை வெளிப்புற வட்டு ஒன்றுக்கு நகலெடுப்பது. மிரரைச் சேர்ப்பது அதற்குப் பிறகுதான். சேர்ப்பது ஒரு நீண்ட வேலை. 4 டெராபைட் வட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க நல்ல வட்டு ஓயாமல் படிக்கப்படும். அதே வயதுள்ள வட்டு, அதே கடையில் வாங்கியது. அதுவும் அந்த நேரத்தில் கையை விரித்தால்? நகல் முதலில் என்று சொல்வது அதனால்தான்.

விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் எழுப்பியபோது வட்டே தெரியவில்லை என்றால் உடனே வட்டு செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல கணினிகளில், இன்டெலின் சேமிப்பு டிரைவரைப் பென்டிரைவில் சேர்த்துக் கொடுத்தால்தான் நிறுவியின் கண்ணுக்கு வட்டு தெரியும்.

விண்டோஸிலேயே போடும் மிரர்

பயாஸ் வழியே போகாமல், விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாகவும் மிரர் போடலாம். ப்ரோ பதிப்பு வேண்டும். 'டைனமிக் டிஸ்க்' என்ற பழைய நுட்பம் இது. மற்றப் பயன்பாடுகளுக்கு இதைக் கைவிடச் சொல்லும் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் உள்ள வட்டை மிரர் செய்வதற்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. சி டிரைவ் அழகாக இரண்டாவது வட்டுக்குப் பிரதியாகும். கணினி எழும்போது 'செகண்டரி ப்ளெக்ஸ்' என்ற இரண்டாவது தேர்வும் பட்டியலில் வரும். எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். ஆனால் நான் முன்னே சொன்ன 100 மெகாபைட் இஎஃப்ஐ பகுதியை விண்டோஸ் பிரதி எடுப்பதில்லை. முதல் வட்டு பழுதான நாளில், இரண்டாவதில் விண்டோஸ் முழுதாக இருக்கும். அதை எழுப்பும் நிரல் இருக்காது. இரண்டாவது வட்டில் மிரர் போடுவதற்கு முன்பே இஎஃப்ஐ பகுதி ஒன்றைச் செய்து, எழுப்பும் நிரலை அங்கேயும் வைக்க வேண்டும். இதை நீங்களே செய்ய வேண்டியதில்லை. லோ யாட் பிளாசாவோ சிம் லிம் ஸ்கொயரோ, எங்கே கொடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் டிஸ்க்கைக் கழற்றினாலும் இரண்டாவது மட்டும் வைத்து எழுமா? எனக்கு முன்னாலேயே காட்டுங்க."

லினக்ஸ், நாஸ் வைத்திருப்பவர்களுக்கு

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வீட்டு சர்வராக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அங்கேயும் அதே கதை. 'க்ரப்' என்னும் எழுப்பும் நிரல் முதல் வட்டில் மட்டும் நிறுவப்பட்டிருந்தால், அது போன அன்று 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற வரியோ வெறும் திரையோதான் மிஞ்சும். இரண்டு வட்டிலும் க்ரப்பை நிறுவுங்கள். மிரர் அமைத்த பிறகு தொடக்கக் கோப்பையும் புதுப்பியுங்கள். இல்லையேல் எழும்போது மிரரை எப்படிச் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாது. இஎஃப்ஐ பகுதியையும் மிரர் செய்ய விரும்பினால், மிரரின் குறிப்பை வட்டுப் பகுதியின் கடைசியில் எழுதும் 1.0 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான 1.2 வடிவம் தொடக்கத்திலேயே எழுதுவதால் பயாஸுக்கு அந்தப் பகுதி புரியாது.

வீட்டில் இரண்டு வட்டு நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. பெட்டி பழுதானால் வட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகிப் பார்ப்போம் என்று போகாதீர்கள். பெரும்பாலான நாஸ் பெட்டிகள் லினக்ஸ் முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அது புரியாமல், 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும். வீட்டில் யாராவது அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் குடும்ப ஆல்பம் போச்சு.

சோதிக்காத மிரர் வெறும் நம்பிக்கை

மிரர் போட்ட வாரத்திலேயே, கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் எடுத்துவிட்டு, இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கணினியை அணைத்து முதல் வட்டின் கேபிளைக் கழற்றி, இரண்டாவதை மட்டும் வைத்து எழுப்புங்கள். எழுந்ததா? எந்தக் கோப்பையும் திறந்து வேலை செய்யாமல் உடனே அணையுங்கள். முதல் வட்டை மாட்டி, மிரர் முழுக்கச் சேரும் வரை காத்திருங்கள். பிறகு இரண்டாவதைக் கழற்றி அதேபோல் பாருங்கள். இரண்டு முறையும் எழுந்தால்தான் உங்களிடம் மிரர் இருக்கிறது. ஒருமுறை எழாவிட்டாலும் கவலையில்லை. சாவகாசமான ஒரு சனிக்கிழமை அது தெரிந்துவிட்டது. வருமான வரிப் படிவம் அனுப்பும் கடைசி நாளில் தெரிந்திருந்தால்தான் கவலை.

மாதம் ஒருமுறை மிரரின் நிலையையும் பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஹெல்தி' என்றிருக்க வேண்டும். 'ஃபெயில்ட் ரிடண்டன்சி' என்றிருந்தால் ஒரு வட்டு எப்போதோ விலகிவிட்டது என்று பொருள். கணினி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரியாது. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் சாதாரண வட்டுகளின் உடல்நிலையையும் வரிசை எண்ணையும் காட்டும். அந்த எண்களைக் குறித்து வையுங்கள்; பழுதானது எது என்று பெட்டியைத் திறந்து தேடும் நாளில் தவறான வட்டைக் கழற்ற மாட்டீர்கள். பயாஸின் சாட்டா முறைப் பக்கத்தை இன்றே ஒரு படமெடுத்து, கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஓயும் நாளில் அந்தப் படமே மருந்து.

கடைசியாக ஒன்று. மிரர் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு படத்தை நீங்கள் தவறி அழித்தால், அது இரண்டு வட்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். மின்னல் தாக்கினாலும் வெள்ளம் புகுந்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு எளிமையானது: தகவலுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். கணினியில் இருப்பது ஒன்று. வெளிப்புற வட்டில் வாரம் ஒருமுறை எடுத்து, கேபிளைக் கழற்றி வைப்பது இரண்டு. மேகச் சேமிப்பிலோ அண்ணன் வீட்டிலோ இருப்பது மூன்று. கணக்கு அவ்வளவுதான்.

மிரர் நமக்குக் கொடுப்பது நேரம். ஒரு வட்டு போன அன்றும் கடை திறந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. காணாமல் போனதைத் திரும்பக் கொடுப்பது பேக்கப். இரண்டும் இருப்பவர், எந்த நீலத்திரை வந்தாலும் ஒரு தேநீர் குடித்துவிட்டு நிதானமாக பயாஸைத் திறக்கலாம்.

அடுத்த வாரம், வெளிப்புற வட்டு வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்களில் எவற்றைப் பார்க்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று பார்ப்போம்.